தோற்றால் அம்பயரில் பழி போடும் 13 வயது டீம்: எங்கிருந்து திருத்தத் தொடங்குவது?

பொறுப்பாசிரியர்_கொ6 (கேள்வி)

13 வயதுக்குட்பட்ட பாடசாலை கிரிக்கெட் அணி ஒன்றுக்கு யோசனை தேவைப்படுகிறது. 16 பிள்ளைகள். தவணைக்கு 6 மெட்ச், ஒவ்வொன்றும் 30 ஓவர். பயிற்சி கிழமைக்கு மூன்று நாள், பின்நேரம் 2.30 முதல் 4.30 வரை. ஐப்பசி பிறந்தால் அதில் பாதி இடிமழையோடு போய்விடும்.

நிலைமை இதுதான். ஒவ்வொரு முறையும் இறங்குவது அதே 11 பேர். மற்ற ஐந்து பேரும் தண்ணிப் போத்தல் தூக்குகிறார்கள். 30 ஓவரில் பாதிக்கு மேல் மூன்று பிள்ளைகளே வீசி முடித்துவிடுகிறார்கள். எல்.பி.டபிள்யூ. கொடுத்தால் பிட்சிலேயே நின்று தலையாட்டுகிறார்கள். தோல்விக்குக் காரணம் எப்போதும் அம்பயர், இல்லாவிட்டால் கெட்ச் விட்ட பிள்ளை. கயிற்றுக்கு வெளியே நிற்கும் அப்பாமாரிடமிருந்து பந்துக்கு ஒரு யோசனை வருகிறது.

ஒழுக்கம், பொறுமை, மரியாதை என்று ஒவ்வொரு மெட்சுக்கு முன்னும் பேசுகிறோம். அந்தப் பேச்சு டொஸ் போடும் வரைக்கும்கூடத் தாங்குவதில்லை. இனிப் பேச்சு வேண்டாம். எந்தத் தாளில் எதை எழுதுவது, பயிற்சியில் எத்தனை நிமிடம் ஒதுக்குவது, எங்கே பிழைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொட்டாஞ்சேனை கோச்

சேர், உங்க பிரச்சினையில முக்கால்வாசி பேச்சால வந்ததில்ல, டீம் ஷீட்டால வந்தது. ஐந்து பேரை ஒரு தவணை முழுக்க போத்தல் தூக்க விட்டுட்டு “நாம எல்லாரும் ஒரு டீம்” என்று சொன்னா, 12 வயசுப் பிள்ளைக்கும் அது பொய் என்று விளங்கும்.

கணக்கைப் பாருங்க. 6 மெட்ச், 11 இடம், மொத்தம் 66. கெப்டன் ஆறிலும் விளையாடினா 6 போகும். மிச்சம் 60. மிச்சப் பிள்ளைகள் 15. ஆளுக்கு 4 மெட்ச், ஒரு இடமும் மிஞ்சாது. இதைத் தவணை தொடங்கின முதல் கிழமையே ஒரு கட்டமா எழுதி, யார் எந்த மெட்ச் என்று ஒட்டிடுங்க. வியாழக்கிழமை ராத்திரி தெரிவு செய்தா பெற்றோரிடமிருந்து ஃபோன் வரும். முதல் கிழமையே ஒட்டினா வராது. காய்ச்சல், பரீட்சை என்று யாராவது வராட்டி இடம் மாற்றிக்கொள்ளலாம், ஆனா அதையும் அந்தக் கட்டத்திலேயே எல்லாரும் பார்க்க எழுதுங்க.

விக்கெட் கீப்பர் இரண்டு பேர் வேணும். இரண்டு பேருக்கும் நாலு நாலு மெட்ச் என்றா இரண்டு மெட்ச்ல ரெண்டு பேரும் இருப்பாங்க. அந்த மெட்ச்ல 15 ஓவர் ஒருவர், 15 ஓவர் மற்றவர்.

பந்துவீச்சு: எட்டுப் பேர். 5, 5, 4, 4, 3, 3, 3, 3. கூட்டினா 30. இங்கதான் நிறையப் பேர் பிழை விடுறாங்க. பழக்கம் குறைந்த பிள்ளையைக் கடைசி ஐந்து ஓவருக்கு ஒளிச்சு வைப்பாங்க, அந்த நேரம் எதிரணி அடிக்கத்தான் நிக்கும். ஒரு ஓவர்ல 18 ஓட்டம் போன பிள்ளை அடுத்த மெட்ச்ல பந்தையே கேட்க மாட்டான். அவனுக்கு உரிய இடம் 8ஆம் ஓவருக்கும் 20ஆம் ஓவருக்கும் நடுவில. மற்ற முனையில கட்டாயம் நல்லா வீசுற ஒருவர் இருக்கணும். இரண்டு முனையிலயும் பழகாதவங்க என்றா வைட் மட்டுமே பத்துப் பதினைந்து போகும், களத்தில நிக்கிற மற்ற ஒன்பது பேரும் சலிச்சு அவங்களைத் திட்டத் தொடங்குவாங்க. பந்தையும் பாருங்க. 13 வயசுக்குட்பட்டவங்களுக்கு 133 முதல் 144 கிராம் என்றுதான் கிரிக்கெட் சட்டத்திலேயே இருக்கு. பெரியவங்களோட 156 கிராம் பந்தைக் கொடுத்தா சின்னக் கை அதைப் பிடிச்சு வீச ஏலாம வைட் போடும், அதுக்கும் பிள்ளைதான் ஏச்சு வாங்குவான்.

துடுப்பாட்டம்தான் கஷ்டம். 30 ஓவர் என்றா 180 பந்து. ஒருவர் 80 பந்து நின்றா 7ஆம் இலக்கத்துக்குக் கீழே பட் தொடவே கிடைக்காது. ஒரே ஒரு விதி போதும்: போன மெட்ச்ல இறங்கக் கிடைக்காதவர், அல்லது 6 பந்துக்குக் குறைவா ஆடினவர், தன்னுடைய அடுத்த மெட்ச்ல 3, 4, 5 இல் ஒன்றில இறங்குவார். சிநேகபூர்வ மெட்ச் என்றா 36 பந்து ஆடினதும் ஓய்வு என்று வைக்கலாம். 25 ஓட்டம் எடுத்ததும் ஓய்வு என்று வைக்காதீங்க. 24இல் நிக்கிற பிள்ளை ஓடாம நிப்பான், பந்து எண்ணிக்கையில அந்தக் கள்ளம் வராது. ஒன்று கவனம். காயமோ சுகயீனமோ இல்லாம ஓய்வு பெற்றவர் திரும்ப இறங்க எதிரணிக் கெப்டன்ட சம்மதம் வேணும், இல்லாட்டி புத்தகத்தில “ரிட்டயர்ட் அவுட்” என்றுதான் விழும். அதனால டொஸ்ஸுக்கு முன்னமே மற்றக் கோச்சோட பேசி முடிச்சிடுங்க.

கெட்ச் விட்ட பிள்ளையை உடனே ஃபைன் லெக்குக்கு, அதாவது கீப்பருக்குப் பின்னால எல்லை ஓரத்துக்கு, அனுப்புறதை முதல்ல நிப்பாட்டுங்க. அது எல்லார் முன்னாலயும் கொடுக்கிற தண்டனை. பழி சொல்லும் பழக்கத்தைப் பிள்ளைகள் அங்கதான் படிக்கிறாங்க. அடுத்த பந்துக்கும் அவன் அதே இடத்தில நிக்கட்டும், ஓவர் முடிஞ்ச பிறகு தேவை என்றா மாற்றலாம்.

கடைசியா, ஓவர் நடக்கும்போது நீங்க வாய் திறக்காதீங்க. களத்தடுப்பு மாற்றுறது கெப்டன்ட வேலை. 10ஆம், 20ஆம் ஓவர் தண்ணி இடைவேளையில மட்டும் சொல்லுங்க, அதுவும் கெப்டனிடம் கேள்வியா. “கவரில ஆள் இல்லாதது தெரியுமா?” என்று கேட்டாக் காணும்.

---

ஸ்கொயர்லெக்

அம்பயர் விசயத்துக்கு மட்டும் வாறன்.

பிள்ளைகள் தீர்ப்பை ஏற்காததுக்கு முதல் காரணம், அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று அவைக்குத் தெரியாது. எல்.பி.டபிள்யூ. என்றால் பந்து எங்கே விழுந்தது, எதுக்கு நேராக் காலில் பட்டது, முதலில் பட்டில் பட்டதா, போயிருந்தால் ஸ்டம்பில் படுமா என்று நாலையும் ஒரு மூச்சில் பார்க்க வேணும், அதுவும் 20 மீற்றருக்கு அப்பால் நின்று. ஆகவே பயிற்சி மெட்ச்களில் அவையையே நிற்க விடுங்கோ. ஸ்கொயர் லெக்கில், அதாவது பக்கவாட்டில் நிற்கிற அம்பயரின் இடத்தில், ஆளுக்கு 4 ஓவர். ரன் அவுட் இரண்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன பிள்ளை, அதில் ஒன்றுக்கு தன்ர சிநேகிதனிட்ட ஏச்சும் வாங்கினால், அதுக்குப் பிறகு மைதானத்தில் அவன்ர முகமே வேறு.

இரண்டாவது, பிழையான தீர்ப்பைத் தாங்கவும் பழக்க வேணும். உங்களிட்ட 16 பேர், எட்டுக்கு எட்டு, 12 ஓவர் போதும். நீங்களே அம்பயர். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் வேணுமென்றே இரண்டு பிழையான அவுட் கொடுங்கோ. “இரண்டு பிழை வரும், எது என்று சொல்லமாட்டன்” என்று தொடங்க முன்னமே சொல்லிப்போடவேணும். சொல்லாமல் செய்தால் உங்களில் இருக்கிற நம்பிக்கை போய்விடும், அதைத் திருப்பி எடுக்க ஏலாது. அவுட் ஆனவர் செய்ய வேண்டியது மூன்று: பட்டை அக்குளில் வைத்துத் திரும்புறது, உள்ளே வாறவருக்கு பிட்ச் எப்படி என்று ஒரு வசனம் சொல்லுறது, கால் பாட்களைக் கழற்றி ஒழுங்கா வைக்கிறது. அந்த ஒரு வசனம் முக்கியம். பிட்சைப் பற்றி யோசிச்சுக்கொண்டு வாறவன் தலையாட்டிக்கொண்டு வரமாட்டான்.

களத்தடுப்பில் நிற்கிறவைக்கும் இதில் வேலை இருக்கு. பந்து பட்டில் படேல்லை என்று கீப்பருக்குத் தெரிந்தால் கெப்டன் அப்பீலை மீளப்பெறலாம். அதுக்கு முறை இருக்கு: அம்பயரின் சம்மதம் கேட்க வேணும், அடுத்த பந்து ஆட்டத்துக்கு வாறதுக்கு முன்னம் கேட்க வேணும். அந்த முறையைக் கெப்டன் இரண்டு தரமாவது வாயால் சொல்லிப் பழகியிருக்க வேணும். உண்மையான மெட்சில் முதன்முதலாக் கேட்க 12 வயதுப் பிள்ளைக்கு நா எழாது.

மழை நாளில் என்ன செய்யிறது என்று நினைப்பியள். வகுப்பறையில் 20 நிமிடம், ஒரு சம்பவம், மூன்று கேள்வி: சட்டம் என்ன சொல்லுது, கெப்டனுக்கு என்ன வழி இருந்தது, எங்கட டீம் என்ன செய்யும். எங்கட நாட்டைச் சுற்றியே நல்ல சம்பவங்கள் கிடக்கு.

2003 உலகக்கிண்ண அரையிறுதி, போர்ட் எலிசபெத். அரவிந்த டி சில்வாவின் பந்து, அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 22இல் நிற்கிறார், சங்கக்கார பிடிக்கிறார். அம்பயர் கொடுக்கேல்லை. கில்கிறிஸ்ட் தானாகவே நடந்து போனார். அவுஸ்திரேலியா அந்த மெட்சையும் வென்றது, கிண்ணத்தையும் வென்றது. ஆனால் வென்றதால்தான் அது சரி என்று பிள்ளைகள் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. தோற்றிருந்தால் அவர் செய்தது பிழையா என்று கேளுங்கோ.

2006 டிசம்பர், கிறைஸ்ட்சேர்ச். சங்கக்கார சதம் அடிக்க, ஓட்டத்தை முடித்த முரளிதரன் பந்து இன்னும் ஆட்டத்தில் இருக்கேக்கையே வாழ்த்துச் சொல்லத் திரும்பி நடந்தார். நியூசிலாந்துக் கீப்பர் மக்கலம் ஸ்டம்பைத் தட்டினார். சட்டப்படி அவுட். 2016இல் லோர்ட்ஸில் நடந்த, கிரிக்கெட் உணர்வு பற்றிய கௌட்ரி விரிவுரையில் மக்கலம் அதுக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பத்து வருசம் ஒரு மனிசன்ர மனதில் கிடந்திருக்கு. இதைச் சொன்னால் வகுப்பு அமைதியாகும்.

எங்கட பக்கப் பிழையையும் கட்டாயம் எடுங்கோ, இல்லாட்டி இது மற்றவனைக் குறைசொல்லும் பாடமாகிப்போகும். 2010 ஓகஸ்ட், தம்புள்ள. ஓட்ட எண்ணிக்கை சமன், இந்தியாவின் சேவாக் 99. சுராஜ் ரந்தீவ் வேணுமென்றே நோபோல் போட்டார். சேவாக் அடித்த ஆறு கணக்கில் வரேல்லை, நோபோலின் ஒரு ஓட்டத்தோட மெட்ச் முடிஞ்சுது. இலங்கை கிரிக்கெட் ரந்தீவை ஒரு மெட்சுக்கு நிறுத்தியது, அதில் பங்கிருந்த டில்ஷானுக்கும் மெட்ச் கட்டணம் வெட்டுப்பட்டது. தோற்கப் போற நேரத்தில் மற்றவன்ர மகிழ்ச்சியைக் கெடுக்கிறது என்ற குணத்தை இதைவிட வடிவாக் காட்ட வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

விடை ஒன்றாக வராத சம்பவமும் வேணும். பந்து வீச முன்னம் கோட்டை விட்டு வெளியே போற நொன் ஸ்ட்ரைக்கரை, அதாவது பந்துவீச்சாளர் முனையில் நிற்கிற துடுப்பாட்டக்காரரை, ரன் அவுட் ஆக்கலாமா? 2014இல் எட்ஜ்பாஸ்டனில் சச்சித்ர சேனாநாயக்க எச்சரித்த பிறகு இங்கிலாந்தின் பட்லரை அப்படி ஆக்கினார், கெப்டன் மெத்யூஸ் அப்பீலை மீளப்பெறேல்லை. 2023 ஜனவரியில் குவாகாத்தியில் இந்தியாவின் ஷமி அதையே செய்ய, ஷானக 98இல் நின்றார். இந்தியக் கெப்டன் ரோஹித் ஷர்மா அப்பீலை மீளப்பெற்றார். 2022 ஒக்டோபரில் இருந்து சட்டப்புத்தகத்தில் இது “நியாயமற்ற ஆட்டம்” என்ற பகுதியில் இல்லை, சாதாரண ரன் அவுட் பகுதிக்குப் போய்விட்டது. இரண்டு கெப்டன்மாருக்கும் நியாயம் இருக்கு. எங்கட டீம் என்ன செய்யும் என்று பிள்ளைகளே தீர்மானித்து, டீம் கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும். ஒரு எச்சரிக்கை, பிறகு அவுட் என்று முடிவெடுத்தால் அதுவும் சரி. சூடான நேரத்தில் புதுசா முடிவெடுக்க வேண்டி வராது, அதுதான் தேவை.

---

பழைய கெப்டன்

மேலே சொன்னதில் நிறைய நல்லது இருக்கிறது. ஆனாலும் ஒருவர் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

சம பங்கு என்பது எல்லா வயதுக்கும் சரியல்ல. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கு விசேட ஒதுக்கீடு இருக்கிறது. வர்ண விருது, மாகாண, தேசிய சான்றிதழ்களுக்கு ஒரு குடும்பத்தின் வாழ்க்கையில் உண்மையான பெறுமதி இருக்கிறது. உயர்தரப் பிள்ளையிடம் வெற்றி முக்கியமில்லை என்று சொல்வது அவனது உழைப்பை அவமதிப்பது. திறமையான பிள்ளை நாலு மெட்ச்தான் விளையாடுவான் என்றால் அவன் வேறு இடம் தேடிப் போவான்.

இன்னொன்று, கடினப் பந்து. வேகத்தை எதிர்கொள்ளத் தெரியாத பிள்ளையைச் சமத்துவம் என்ற பெயரில் 3ஆம் இலக்கத்தில் இறக்கினால் விலா எலும்பில் வாங்குவான். நியாயத்துக்கு முன்னால் பாதுகாப்பு வர வேண்டும்.

முதல் தவணையில் நீங்கள் அதிகமாகத் தோற்பீர்கள் என்பதையும் அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாவது தோல்விக்குப் பிறகு சொன்னால் அது சாட்டாகத்தான் கேட்கும்.

---

கொட்டாஞ்சேனை கோச்

அண்ணா சொன்ன பாதுகாப்பு விசயம் முழுக்கச் சரி, நான் அதை விட்டுட்டேன். 3, 4, 5இல் இறக்க முன்னம் நெட்ஸ்ல ஒரு சின்னச் சோதனை: 18 பந்து, சைட் ஆர்ம் (பந்து எறியுற நீளக் கைபிடி) அல்லது வேகமா வீசுற பிள்ளை, தலையைத் திருப்பாம, பின்வாங்காம 12 பந்தைப் பட்டால் சந்திக்கணும். முடியாட்டி எதிரணி சுழல் போடும் நேரத்துக்கு இறக்கலாம். ஹெல்மெட் இல்லாம யாரும் இறங்கக் கூடாது, கீப்பர் கிட்ட வந்து நிக்கும்போதும் அப்படியே.

வயசு விசயமும் ஒத்துக்கொள்றேன். 13 வரைக்கும் கட்டம், 15இல் பாதிக்குப் பாதி, 17இலிருந்து திறமை. திறமையால தெரிவு செய்யும்போதும் எடுபடாத பிள்ளைக்கு நேரில சொல்லணும். ஒட்டின தாளைப் பார்த்து அவன் தெரிஞ்சுகொள்ளக் கூடாது. என்ன குறை, எந்தத் திகதிக்கு முன்னம் திரும்பப் பார்ப்போம் என்று இரண்டு வசனம், இரண்டு நிமிசம்.

ஆனா திறமையான பிள்ளை போயிடுவான் என்ற பயம் 12 வயசுல தேவையில்லாதது. விளையாடாத இரண்டு மெட்ச்ல அவனை உதவிக் கோச்சா வைங்க, ஸ்கோர் புத்தகம் கொடுங்க. மெட்சை வெளியிலிருந்து பார்த்து எழுதின கெட்டிக்காரப் பிள்ளைக்குக் களத்தில இடைவெளி எங்க என்று தெரிய வரும்.

---

வலைப்பந்து டீச்சர்

கிரிக்கெட் எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் இந்தக் கேள்வி வலைப்பந்துக்கும் அப்படியே பொருந்தும், கணக்கு இன்னும் லேசு. ஏழு இடம், நாலு கால்பகுதி, மொத்தம் 28. பத்துப் பிள்ளை என்றால் எட்டுப் பேருக்கு மூன்று கால்பகுதி, இரண்டு பேருக்கு இரண்டு. அடுத்த மெட்சில் அந்த இரண்டு பேரும் மாறுவார்கள். நான்காவது கால்பகுதியை எப்போதும் அதே ஏழு பேருக்குக் கொடுத்தால் மற்ற மூன்றும் சும்மா கணக்குக் காட்டுவது என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உயரமான பிள்ளையைப் பத்து வயதிலேயே கோல் ஷூட்டராகப் பூட்டி வைக்கிற பழக்கமும் நல்லதல்ல. இலங்கை அணியின் கோல் ஷூட்டர் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தைத்தான் எல்லோரும் பேசுவார்கள். அவருக்குப் பந்து சரியான நேரத்தில் சரியான உயரத்தில் போய்ச் சேர்ந்ததும் சேர்ந்துதான் 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணம் வந்தது. உயரமான பிள்ளை ஒரு கால்பகுதியாவது சென்டரில் ஓடினால், தனக்குப் பந்து தருகிறவள் படும் பாடு விளங்கும். பிறகு பந்து வராவிட்டால் கையை விரித்துக்கொண்டு நிற்க மாட்டாள்.

நான் எழுத வந்தது மெட்ச் முடிந்த பிறகு பேசுகிற பேச்சைப் பற்றி. சேர் கேட்ட பழிபோடும் பழக்கம் அங்கேதான் வளர்கிறது.

முதல் பத்து நிமிடம் மெட்சைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கைகொடுத்தல், நடுவருக்கு நன்றி, தண்ணீர், பொருட்களை எண்ணிப் பையில் போடுதல். பிறகு வட்டமாக இருத்தி மூன்று நிமிடம், மணிக்கூட்டைப் பார்த்து. சொல்ல வேண்டியது மூன்றே மூன்று: இந்தக் கிழமை பழகியது மெட்சில் வந்ததா, அடுத்த பயிற்சியில் திருத்தப் போகும் ஒரு விசயம், அடுத்த பயிற்சி எத்தனை மணிக்கு. தனிப் பிள்ளையின் பெயர் நல்லதுக்கும் வரக்கூடாது, கெட்டதுக்கும் வரக்கூடாது. தனியாகச் சொல்ல வேண்டியதை அடுத்த நாள் தனியாகச் சொல்லலாம்.

வென்ற நாளிலும் இதே மூன்று நிமிடம், இதே குரல். பெரும்பாலான கோச்மார் சறுக்குவது இங்கேதான். தோற்ற அன்று நாற்பது நிமிட விரிவுரை, வென்ற அன்று ஐஸ்கிரீம் என்றால், நாங்கள் எதை மதிக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் சரியாகவே கணக்குப் பண்ணிவிடுவார்கள். ஐஸ்கிரீம் வாங்குவதென்றால் எந்த மெட்சுக்கு என்று தவணைத் தொடக்கத்திலேயே திகதி குறித்துவிடுங்கள், முடிவு என்னவானாலும் அன்றைக்கு உண்டு.

பாராட்டைப் பற்றியும் ஒன்று. அமெரிக்கக் கூடைப்பந்துக் கோச் ஜோன் வூடன் 12 பருவங்களில் 10 தேசிய பல்கலைக்கழகப் பட்டங்கள் வென்றவர். 1974-75 பருவத்தில் இரண்டு ஆய்வாளர்கள் அவருடைய பயிற்சிகளில் இருந்து, அவர் சொன்னதையும் செய்ததையும் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். 2,326 பதிவுகள். அதில் முக்கால்வாசி, எதை எப்படிச் செய்வது என்ற தகவல். பாராட்டும் ஏச்சும் தலைக்கு ஏழு வீதம்கூட இல்லை. “சூப்பர்”, “கவனமில்லையா உனக்கு” இரண்டிலும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. “பந்து கைக்கு வருவதற்கு முன் தோளைத் திருப்பு” என்பதில் இருக்கிறது. உங்கள் பயிற்சியில் ஒரு நாள் ஒருவரை இருத்தி 30 நிமிடத்துக்குத் தகவல், பாராட்டு, ஏச்சு என்ற மூன்று பெட்டியிலும் கோடு போடச் சொல்லிப் பாருங்கள். முதல் தாள் கொஞ்சம் சுடும்.

எந்தத் தாளில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். வெற்றி தோல்வி தவிர எண்ணவும் விசயங்கள் இருக்கின்றன. மெட்சில் இறங்காத பிள்ளைகளிடம் ஒரு தாள் கொடுங்கள், ஒரு மெட்சுக்கு ஒரே ஒரு விசயம். கிரிக்கெட் என்றால், எறிந்த பந்து தவறினால் தடுக்க, அதற்குப் பின்னால் யாரும் கூப்பிடாமல் பேக்கப் வந்தார்களா: வந்த தடவை, வராத தடவை. அடுத்த மெட்சில், ஓட்டத்துக்கு “யெஸ், நோ, வெயிட்” மூன்றில் ஒன்று சத்தமாகச் சொல்லப்பட்டதா. அதற்கடுத்ததில், ஒருவர் பிழை விட்டதும் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்தார். மொத்த டீமின் எண்ணிக்கை மட்டும் வாசிக்க வேண்டும். பெயர் வாரியாக வாசித்துப் பரிசு கொடுத்தால் அதுவும் இன்னொரு ஸ்கோர்போர்ட் ஆகிவிடும், தாள் வைத்திருக்கும் பிள்ளை பார்க்கும்போது மட்டும் ஓடுவார்கள். விசயத்தை ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல்வதும் அதனால்தான்.

தண்டனைக்கு மைதானம் சுற்ற விடுவது இருந்தால் நிறுத்துங்கள். கொழும்பின் புழுக்கத்தில் பின்நேரம் மூன்று மணிக்கு அது ஆபத்து. அதோடு ஓடுவது என்றாலே தண்டனை என்று மனதில் பதிந்துவிடும், பிறகு அதே பிள்ளையிடம் விரும்பி ஓடு என்று கேட்க வேண்டி வரும்.

---

தெகிவளை அம்மா

பெற்றோர் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன், கயிற்றுக்கு வெளியே கத்துவது நாங்கள்தானே.

தவணை தொடக்கத்தில் 40 நிமிடக் கூட்டம் ஒன்று வையுங்கள். தெரிவுக் கட்டம், பந்துவீச்சுப் பங்கு, ஹெல்மெட் விதி, முறைப்பாடு சொல்லும் வழி எல்லாம் ஒரே பக்கத்தில் அடித்துக் கொடுத்து, பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். முறைப்பாடு மெட்ச் அன்று கிடையாது, வட்ஸ்அப் குழுவில் எந்த நாளும் கிடையாது. 24 மணித்தியாலம் கழித்து, கோச்சிடம் நேரில். அந்த ஒரு நாளில் பாதி முறைப்பாடு தானாகக் கரைந்துவிடும்.

மெட்சில் எங்களுக்கு இருக்க ஒரு இடம் குறித்துக் கொடுங்கள். பிள்ளைகள் இருக்கும் கூடாரத்துக்கு எதிர்ப் பக்கம், விக்கெட்டுக்கு நேர்ப்பக்கவாட்டில். பந்துவீச்சாளருக்குப் பின்னால் வேண்டாம், துடுப்பாடுபவருக்குப் பார்வை மறைக்கும். சும்மா இருக்க விட்டால் கத்துவோம். ஐஸ், முதலுதவிப் பெட்டி, தோடம்பழம் வெட்டுவது, ஸ்கோர்போர்ட் மாற்றுவது என்று பெயர் போட்டு வேலை தாருங்கள். அதிகம் கத்துகிற அப்பாவுக்கு ஸ்கோர்போர்ட். இலக்கம் மாற்றுகிறவருக்கு யோசனை சொல்ல நேரம் இருக்காது.

அரைச்சதத்துக்கு ஆயிரம் ரூபாய், விக்கெட்டுக்கு ஐந்நூறு என்று வீட்டில் காசு கொடுப்பது நிறைய நடக்கிறது. இதை அந்தக் கூட்டத்தில் வெளிப்படையாகவே பேசுங்கள். ஓட்டத்துக்குக் காசு வாங்கும் பிள்ளை மற்ற முனையில் நிற்பவனுக்காக ஓடமாட்டான், கெட்ச் பிடித்தவனைக் கட்டிப்பிடிக்கவும் தயங்குவான்.

பிறகு வீட்டுக்குப் போகிற வழி. காலி வீதி நெரிசலில் பிள்ளை ஒரு மணித்தியாலம் எங்களோடு காரிலோ முச்சக்கர வண்டியிலோ அடைபட்டு இருக்கிறான், தப்பி ஓட வழியில்லை. அந்த நேரத்தில் மெட்சைப் பிரித்து மேய்வதுதான் நிறையப் பிள்ளைகளை விளையாட்டையே வெறுக்க வைக்கிறது. “பசிக்குதா?” என்று கேட்டால் போதும். அவனாகத் தொடங்கினால் கேட்கலாம். தொடங்காவிட்டால் விட்டுவிடலாம்.

ரியூஷன் பற்றியும் சொல்ல வேண்டும். கிழமைக்கு மூன்று நாள் என்றால் மூன்று நாளே இருக்கட்டும். மெட்ச் வருகிறது என்று திடீரென்று நாலாவது நாள் வைத்தால், வகுப்பை விட முடியாத பிள்ளை அக்கறை இல்லாதவன் என்ற பெயரோடு நிற்கிறான்.

---

பொறுப்பாசிரியர்_கொ6

எல்லோருக்கும் நன்றி. கட்டம் இன்று இரவே போடுகிறேன், டீச்சர் சொன்ன கோடு போடும் தாளும் இந்தக் கிழமையே.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அணியில் உண்மையிலேயே வேகமாக வீசும் பிள்ளை ஒருவர் இருக்கிறார். பாடசாலைப் பயிற்சிக்கு மேல் வெளியே அகடமியிலும் வீசுகிறார். எல்லா மெட்சிலும் தொடர்ந்து வீச வேண்டும் என்று வீட்டார் கேட்கிறார்கள். மற்றது, அவுட் ஆனால் அழுகிற பிள்ளை. அதை எப்படிக் கையாள்வது?

---

ஸ்கொயர்லெக்

வேகப்பந்துப் பிள்ளையின் விசயம் குணத்துக்கு முன்னம் முதுகெலும்பு சம்பந்தப்பட்டது. இங்கிலாந்துக் கிரிக்கெட் சபை நெடுங்காலமாக வேகப்பந்துக்கு வைத்திருந்த அளவு: 13 வயது வரை ஒரு தொடரில் (இடைவிடாமல் ஒரு முறை வீசுறதில்) 5 ஓவர், நாளுக்கு 10, 15 வரை 6 ஓவர், நாளுக்கு 12. ஒரு தொடர் வீசினால் அதே முனையில் குறைந்தது அத்தனை ஓவர் கழிந்த பிறகுதான் அடுத்தது.

உங்கட சிக்கல் மெட்சில் இல்லை, அகடமியில். இரண்டு இடத்திலும் வீசினதை ஒரே கொப்பியில் பந்துக் கணக்கில் எழுத வேணும். பிள்ளையே எழுதட்டும், இரண்டு கோச்மாரும் பார்க்கட்டும். தனித்தனியாப் பார்த்தால் இரண்டு கோச்சும் அளவாத்தான் வீச விட்டிருப்பினம், கூட்டினால்தான் தெரியும். கீழ்முதுகில், பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கமாக நோவு, முதுகைப் பின்னால் வளைக்கேக்க கூடுது என்றால் அன்றோட பந்துவீச்சை நிப்பாட்டி விளையாட்டு மருத்துவரிட்டக் காட்டுங்கோ. வளர்கிற பிள்ளைக்கு முள்ளந்தண்டில் விழுகிற வெடிப்பு அப்படித்தான் தொடங்கும். தைலம் பூசி மெட்ச் முடிக்க விட்டால் மாதக்கணக்கில் வீச ஏலாமல் போகும். வீட்டாரிட்ட இதைச் சொல்லுங்கோ, அனேகமா விளங்கிக்கொள்ளுவினம்.

---

வலைப்பந்து டீச்சர்

அழுகிற பிள்ளையிடம் “அழாதே” என்று சொல்லாதீர்கள், “பரவாயில்லை” என்றும் சொல்லாதீர்கள். அவனுக்கு அது பரவாயில்லை என்று விடுகிற விசயம் இல்லை. கூடாரத்தின் ஒரு மூலையில் ஒரு கதிரை, ஒரு துவாய். அவுட் ஆகி வருகிற யாரும் அங்கே போய் இரண்டு ஓவர் இருக்கலாம், யாரும் பக்கத்தில் போகக் கூடாது, யாரும் படம் எடுக்கக் கூடாது. இதை டீம் விதியாக எல்லோருக்கும் வையுங்கள், அப்போது அழுகிற பிள்ளைக்கு மட்டும் ஒதுக்கின இடமாக இருக்காது.

இரண்டு ஓவர் முடிந்ததும் கெப்டன் போய்க் கூப்பிட வேண்டும், நீங்கள் போக வேண்டாம். அடுத்து இறங்க இருக்கிற பிள்ளைக்குப் பாட் கட்ட உதவுவதுதான் அவனுக்கு முதல் வேலை. முகம் கழுவ அங்கே ஒரு போத்தல் தண்ணீரும் வையுங்கள்.